ரேஸ் பைப்பும் பின்சீட்டும்

சைலன்சர் வேலை செய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. வாடிக்கையாளர் வருகிறாரா என்று வாசலில் போய் நின்று பார்க்க வேண்டியதில்லை, தெருமுனையிலேயே சத்தம் கேட்டுவிடும். ஏற்றத்தில் வண்டி திணறி, பின்னால் இருப்பவரிடம் "கொஞ்சம் இறங்கிக்கோ" என்று சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். மேலே படியுங்கள்.

போர்டு

எண்பதுகளின் கடைசியில் நூறு சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டிகள் தெருவெல்லாம் வந்துவிட்டன. நான் அதுவரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வெல்டர். யாரிடமும் மெக்கானிக் வேலை கற்றவன் இல்லை. ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் ரேஸ் வண்டியின் படம் பார்த்தேன். அதன் சைலன்சர் நடுவில் வயிறு பெருத்து, வால் சிறுத்து, மலைப்பாம்பு ஆட்டுக்குட்டியை விழுங்கினாற்போல் இருந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டைகளைக் கூம்பு கூம்பாக வெட்டி அளவு பார்த்தேன். பிறகு தகட்டில் வெட்டிப் பற்றவைத்து என் வண்டியில் மாட்டினேன்.

சென்னீர்குப்பம் தாண்டி பெங்களூர் ரோட்டில் விடியற்காலையில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் வேகம் பாதிக்கு மேல் போனதும் யாரோ பின்னாலிருந்து உதைத்தாற்போல் வண்டி பாய்ந்தது. அன்றைக்கே வேலையை விட முடிவு செய்துவிட்டேன். தகரக் கொட்டகை போட்டு, "ரேஸ் பைப் – பவர் கூடும்" என்று போர்டு எழுதச் சொன்னேன். பெயிண்டர் கடைசி எழுத்தை முடித்துவிட்டுப் பிரஷ்ஷைத் துடைத்தபடி கேட்டார்:

"எங்க கூடும்னு எழுதலியே அண்ணாத்தே, யாராவது கேட்டா இன்னா சொல்வே?"

தாமஸ்

கழற்றிய கம்பெனி சைலன்சரை நான் காயலான் கடைக்குப் போக விடுவதில்லை. சுவரில் ஆணி அடித்து, சைலன்சர் மேலேயே சொந்தக்காரர் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதி மாட்டிவிடுவேன். யாராவது திரும்பி வந்து கேட்பார்கள் என்று நினைத்து அல்ல. வாங்கிய பொருளை எறிய எனக்கு மனம் வராது, அவ்வளவுதான். முதல் ஆணியில் என்னுடையது தொங்கியது.

இரண்டாவது ஆணி தாமஸுடையது. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலிப் பையன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீடு இரண்டு தெரு தள்ளி. பேசப் போக முடியாது, அந்தப் பக்கம் வண்டியில் போகலாம். பைப்பை மாட்டி முடித்ததும் முறுக்கிப் பார்த்தான். எதிர்க் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். தாமஸின் முகம் மலர்ந்தது.

"அவுக மாடி வரைக்கும் கேக்கும்லா அண்ணே?"

அண்ணனூர் கேட்

என் மனைவி எஸ்தர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த வருஷம் ஓர் இடம் நிரந்தரமாகப் போகிறது என்றார்கள். போட்டியில் இரண்டு பேர். மார்ச் மாதக் கடைசியில் தாளாளர் வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்ப்பார். அதில் தாமதமாக வந்ததைக் குறிக்கும் சிவப்பு மை மூன்று இடத்துக்கு மேல் இருந்தால் பேச்சே கிடையாது என்று தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். வழியில் அண்ணனூர் ரயில்வே கேட். தண்டவாளம் மேட்டில், ரோடு பள்ளத்தில். ஷெட்டுக்குப் போகும் காலி ரயில்களுக்காக எந்நேரமும் மூடுவார்கள். ஏற்றத்திலேயே நின்று, கேட் திறந்ததும் நின்ற இடத்திலிருந்து ஏற வேண்டும். முறுக்கினால் சத்தம் வரும், வண்டி வராது. கிளட்சைப் பாதியில் பிடித்து முறுக்கினால் ஒரு அடி நகர்ந்து அணைந்துவிடும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். எஸ்தர் புடவையைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தண்டவாளத்தை நடந்து கடப்பாள். நான் உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்து போய்ச் சேர்வேன். பத்து நிமிஷம் முன்னால் கிளம்பிப் பார்த்தோம். கேட்டும் பத்து நிமிஷம் முன்னால் மூடியது.

ஜனவரியிலேயே ஒரு சிவப்பு மை விழுந்துவிட்டது. "வண்டியில கோளாறு இருக்குமோ?" என்றாள். என் கைவேலையைச் சொல்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. "நீ கொஞ்சம் கனம் போட்டுட்டே" என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"சரி, நாளையிலேருந்து ஒரு இட்லி குறைச்சுக்கறேன்."

சத்தம் முன்னே, வண்டி பின்னே

திருமுல்லைவாயல் பக்கம் ஒரு திருப்பத்தில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். எஸ்தர் பின்னால், மடியில் விடைத்தாள் கட்டு. அபராதம்தான் என்று லைசென்ஸை எடுத்தேன். அவர் வாங்கவே இல்லை. சைலன்சரைக் குனிந்து பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், நாங்கள் வந்த ரோட்டைப் பார்த்தார்.

"சத்தம் அப்பவே வந்துட்ச்சேய்யா, வண்டி இன்னாத்துக்கு இவ்ளோ நேரம்?"

பால் வண்டி

மாங்காட்டிலிருந்து முனுசாமி என்று ஒரு பால்காரர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் முந்தின சொந்தக்காரர் மாட்டியது என் பைப். இரண்டு பக்கமும் பால் கேன். கடை வாசலில் நிறுத்திவிட்டு நேராகப் போர்டின் கீழே போய் நின்று சத்தமாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கேன் காலியா இருந்தா பறக்குது நைனா. பால் ஊத்தினா ஒக்காந்துக்குது. நான் காலி கேனா விக்கிறேன்?"

அவர் வண்டிக்குப் பொருந்துகிற கம்பெனி சைலன்சர் வேண்டும் என்றார். சுவரில் பொருந்துகிறவை இரண்டு: தாமஸுடையதும் என்னுடையதும். அடுத்தவர் பொருளைக் கொடுக்க முடியாது. எனக்கு இனி இது தேவைப்படப் போவதில்லை என்று நிஜமாகவே நம்பி, என்னுடையதை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக் கொடுத்தேன். கேன்களோடு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவர் மெதுவாகச் சொன்னார்:

"போர்டை இந்தப் பைப்புக்கு மாத்தி எழுது நைனா."

மறுபடி கேட்

பிப்ரவரியில் இரண்டு சிவப்பு மை. மொத்தம் மூன்று. இனி ஒன்று விழுந்தாலும் அந்த நிரந்தர இடம் இன்னொருத்திக்கு.

மார்ச் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை. கேட் திறந்தது, என் வண்டி அணைந்தது. எஸ்தர் இறங்கி நடந்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு வண்டி, சத்தமே இல்லாமல், இரண்டு கேன் நிறையப் பாலோடு, பக்கத்தில் வந்தது. முனுசாமி. தண்டவாள மேட்டின் நடுவே நிறுத்தி, அங்கிருந்தே மறுபடி கிளம்பக்கூடிய தைரியம் அந்த வண்டிக்கு இருந்தது. அது என் சைலன்சர். அதன்மேல் இருந்த கீறல்கூட எனக்குத் தெரியும். எஸ்தர் இறங்கி நடப்பதை முன்பே அங்கே பார்த்திருந்தவர், கேட்டில் நின்றவர்கள் எல்லாம் கேட்கும்படி கூப்பிட்டார்:

"டீச்சரம்மா, கேன் மேல ஒக்காந்துக்கினு வர்றீங்களா? பெல்லுக்கு முன்னே உட்டுட்றேன்!"

எஸ்தர் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கேன் மேல் ஏறி உட்கார்ந்தாள். நான் கேட்டில் நின்று இருவரும் ஏறிப் போவதைப் பார்த்தேன். அன்று சிவப்பு மை விழவில்லை.

ஊஞ்சல்

கடையைத் திறந்தும் வேலை ஓடவில்லை. அன்றுதான் முதல்முறையாக என் பைப்பை எதிராளியாக நினைத்து யோசித்தேன். டூ ஸ்ட்ரோக்கில் புகை குழாய்க்குள் ஓடி, கடைசிக் கூம்பில் மோதி, ஒரு தள்ளாகத் திரும்பி வருகிறது. எஞ்சினிலிருந்து தப்பிப் போகும் புதுப் பெட்ரோலை அந்தத் தள்ளுதான் உள்ளே அனுப்புகிறது. ஊஞ்சல் தள்ளுவதுபோல, நேரத்துக்கு வந்தால் பலம், நேரம் தவறினால் தடை. நான் வெட்டிய அளவுக்கு அந்தத் தள்ளு நேரத்துக்கு வருவது வேகத்தில் மட்டும்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அது எதிராக வருகிறது. கம்பெனிக்காரன் பின்சீட்டையும் நினைத்து அளந்திருந்தான். நான் என்னை மட்டும் வைத்து, காலியான ரோட்டில் அளந்திருந்தேன்.

புது சைலன்சருக்குக் கடையில் சொல்லிவைத்தேன், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். தாமஸின் ஆணியைப் பார்த்தேன். எடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாள் வண்டி எஸ்தரோடு ஏற்றம் ஏறியது.

மூன்றாம் நாள் அதே கேட்டில் தாமஸ். புது மனைவி இறங்கி நடந்துகொண்டிருந்தாள். அவன் கண் என் சைலன்சரில், "தாமஸ்" என்ற வெள்ளை எழுத்தில் நின்றது. எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. பதிவேடு, சிவப்பு மை, தாளாளர் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதே கழற்றித் தருகிறேன் என்றேன். அவன் தன் மனைவி தண்டவாளத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சருக்கு வேலை கெடைக்கட்டும் அண்ணே, மாசக் கடைசி வரைக்கும் எங்க வீட்டுக்காரி நடப்பா."

மாசக் கடைசி

அந்த மாதம் நாலாவது சிவப்பு மை விழவில்லை. தாளாளர் கையெழுத்துப் போட்ட உத்தரவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எஸ்தர் வண்டியில் ஏறினாள். திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது. திறந்ததும், நின்ற இடத்திலிருந்து, கிளட்சைக் கொல்லாமல், சாதுவாக வண்டி மேடேறியது. தண்டவாளத்தின் மேல் வந்தபோது, வண்டியைப் பற்றி மூன்று வாரமாக வாய் திறக்காதவள், என் காதருகே நிதானமாகச் சொன்னாள்:

"நான் நல்லா இளைச்சிட்டேன், இல்லைங்க?"

மறுநாள், சொல்லிவைத்த புது சைலன்சர் வந்ததும், தாமஸுடையதைத் துடைத்து அவனுக்கே மாட்டிவிட்டேன். பெயிண்டரைக் கூப்பிட்டு "பவர்" என்பதை அழித்து "சத்தம்" என்று எழுதச் சொன்னேன். கூட்டம் குறையவில்லை.

எஸ்தர் கண்ணை மூடிய பிறகு என் வண்டியின் பின்சீட்டில் யாரும் உட்காருவதில்லை என்பதால், இப்போது எந்த சைலன்சரை மாட்டினாலும் ஏற்றம் ஏறிவிடுகிறது.