எனக்கென்று ஒரு வரி

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார வராது. சேலையூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. காலில் சக்கரம் கட்டியவளை நாற்காலி வேலைக்கு எடுத்தது அவர்கள் தப்பு.

பழைய தொழில்நுட்ப அறிக்கைகள் எல்லாவற்றிலும், எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய அடையாள எண்ணின் லிங்க்கைச் சேர்க்கச் சொன்னார் முதல்வர். ஆராய்ச்சி செய்கிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஓர் எண் உண்டு. சொடுக்கினால் அவர் எழுதியதெல்லாம் வரிசையாக வரும். நூற்றுக்கணக்கான அறிக்கைகள். கையால் செய்ய எனக்குப் பொறுமை ஏது? வேலையைத் தானாகச் செய்கிற சின்ன புரோகிராம், ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அறிக்கையில் உள்ள இனிஷியலும் பெயரும் கல்லூரியின் இப்போதைய ஆசிரியர் பட்டியலோடு பொருந்தினால் அந்த எண்ணை ஒட்டிவிடும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறித்தான் செய்தேன், என்ன சிதறிவிட்டது என்று ஒரே பெருமை.

மறுநாள் மத்தியானம் மெக்கானிக்கல் துறை அக்கா வந்து நின்றார். அன்று காலையில்தான் அவருக்குப் பதவி உயர்வு இன்டர்வியூ. பல வருஷமாகக் காத்திருந்தது.

"என் மூணு ரிப்போர்ட் என் பேர்ல வரலப்பா. கெமிஸ்ட்ரி மேடம் நம்பருக்குப் போயிருக்கு. கமிட்டில ஸ்கிரீன்ல பாத்துட்டு, இது உங்களோடது இல்லையேங்கிறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது சார், அப்போ அப்பா இனிஷியல்னு சொன்னேன். யாரும் காதுலயே போட்டுக்கல. அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க."

பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். அக்காவின் அப்பா இனிஷியலும் கெமிஸ்ட்ரி மேடத்தின் இப்போதைய இனிஷியலும் ஒன்று. கல்லூரியில் வாட்ச்மேனுக்குக்கூட யார் யார் என்று தெரியும், ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. மூன்றையும் கையால் திருத்த இரண்டு நிமிஷம்தான் ஆனது. முதல்வர் அறைக்கு ஓடினேன். கமிட்டியின் கார் கிளம்பிப் போயிருந்தது.

சாயங்காலம் தாம்பரம் பஸ்ஸில் அக்காவும் நானும் ஒரே சீட். கேம்ப் ரோடு நெரிசலில் பஸ் நகரவே இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார். "உனக்கும் கல்யாணத்துக்கப்புறம் இனிஷியல் மாறுச்சுல்ல? இங்க படிச்சப்போ நீ எழுதின ரெண்டு ரிப்போர்ட்டும் கரெக்டா உன் நம்பர்ல இருக்கே. அது மட்டும் எப்படி?"

ஸ்கிரிப்டின் முதல் வரியே அதுதான். என் பழைய இனிஷியலைக் கண்டால் என் எண்ணைப் போடு. எழுதும்போது வேறு எந்தப் பெண்ணின் முகமும் என் நினைவுக்கு வரவில்லை. பஸ் நின்றுகொண்டிருந்தது, இறங்கி நடந்துவிடலாமா என்று கால் துடித்தது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னோடதுக்கு மட்டும் தனியா ஒரு வரி எழுதினேன்க்கா."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.