வைத்திலிங்கம் மாற்றி வைத்த ஸ்பீக்கர்கள்

வைத்திலிங்கம் போய்விட்டார் என்ற செய்தி காலையில் என் கணவரின் போனுக்கு வந்தது. அவருக்குக் காது மந்தம் என்பதால் நான்தான் எடுத்தேன். சொன்னவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவரைத் தெரிந்தவர்களே, அஞ்சலியில் நல்லதை மட்டும் எழுத எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் ஆள் நிறைய உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

அவரும் என் கணவரும் சுரங்கத்தில் ஒரே ஷிப்ட். ராட்சத இயந்திரங்களின் பக்கத்திலேயே இருந்து என் கணவரின் காது கெட்டது. டிவியில் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. ஓய்வு பெற்று வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டியதும், ஹோம் தியேட்டர் வாங்க நானும் என் கணவரும் மந்தாரக்குப்பம் போனோம். பாசிவ் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும், அதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒயர் இழுக்க வேண்டும். ஆக்டிவ் ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது, பிளக்கைச் செருகினால் போதும். கடைக்காரர் இரண்டையும் போட்டுக் காட்டினார். ஆக்டிவ் ஜோடியில் படம் ஓடியபோது என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏம்மா, பேசுறது புரியுது" என்றார். அதையே வாங்கினோம்.

மறுநாள் நான் வெளியே போயிருந்த நேரத்தில் வைத்திலிங்கம் வந்து, அவற்றைக் கடையில் திருப்பிக் கொடுத்து, பாசிவ் ஸ்பீக்கர்களையும் தடியான ஒரு ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்து மாட்டிவிட்டார். புதுச் சுவரெல்லாம் ஓட்டை. ஏன் என்று வைத்திலிங்கத்திடம் கேட்டேன்.

"பொட்டிக்குள்ளயே ஆம்ப்ளிஃபயர் இருந்தா அது பொம்பளைங்க சமாச்சாரம். அடுப்படி உங்களுது, ஹால் எங்களுதும்மா."

என் கணவர் சிரித்து மழுப்பினார்.

பாசிவ் மோசம் என்று சொல்லவில்லை. பெரிய ஹாலும், பிற்பாடு ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கும் ஆசையும் உள்ளவர்களுக்கு அதுதான் தோது. எங்களுக்கு வேண்டியிருந்தது பேச்சு. வைத்திலிங்கத்துக்கு வேண்டியிருந்தது ஜன்னல் அதிர்வது.

ஞாயிறுதோறும் வருவார். ரிமோட் அவர் கையில். அவர் சிரிக்கும்போதெல்லாம் என் கணவரும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமலே. ஒரு ஞாயிறு, பழைய ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது, "இவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல, உங்களுக்குத் தெரியுமா?" என்று வைத்திலிங்கத்திடம் கேட்டேன்.

"செவிடாயிட்டவனுக்கு ஸ்பீக்கர் என்னம்மா பண்ணும்?" என்றார். கூட்டம் சிரித்தது. என் கணவர் அதற்கும் சிரித்தார்.

நான் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கினேன். "இது எங்க வீடு. கிளம்புங்க."

அதன்பிறகு அவர் வரவில்லை. நான் நட்பைக் கெடுத்தவள் என்று பிளாக் பிளாக்காகச் சொல்லித் திரிந்தார். என் கணவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ஆக்டிவ் ஜோடியை மறுபடி வாங்கி வைத்தேன். ஒரு மாலை, செய்தி வாசித்தவர் ஓர் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்ல, என் கணவர் தானாகச் சிரித்து, "கேட்டியா?" என்று என் பக்கம் திரும்பினார்.

சாவு வீட்டில் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். அவர் மனைவி கோமளா கம்மாபுரத்துக்காரி, யாரோடும் அதிகம் பேசாதவள். என் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப் போனாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, நீங்க பிளக்கப் புடுங்கினத சொல்லிச் சொல்லித் திட்டிக்கினே இருப்பாரு. நானும் மறுபடி மறுபடி கேட்டுக்கினே இருப்பேன். ஒவ்வொரு வாட்டியும் எனக்கு மனசு குளுந்துபோவும்."

வைத்திலிங்கத்தின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அவர் வாயிலிருந்து வந்த எதுவும் அல்ல. கோமளா சொன்ன இந்தச் சொற்கள்தான்.