சிரித்துக்கொண்டே சொன்ன 'பழம்'

போன வருடம், தைப்பூசம் முடிந்த வாரம். மலேசியாவில், பினாங்கின் பிறை நகரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில், சக ஊழியர்கள் நாலைந்து பேரோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நெத்தி நெறைய திருநீறு பூசிக்கிட்டு வருவாரே, அந்த டெக்னீசியன் உங்ககூடத்தான் வேலையாமே? ஆள் எப்படி?"

அந்த நண்பருக்கு நாங்கள் வைத்த பேர் 'பழம்'. செவ்வாய், வெள்ளி விரதம். யார் என்ன கதை விட்டாலும் நம்பிவிடுவார். காய்ச்சல் என்று புளுகி, என் ஞாயிறு ஷிப்டை எத்தனை தடவை அவர் தலையில் கட்டியிருக்கிறேன்!

"அவரா? சுத்தப் பழம்லா அங்கிள்! கோயிலை விட்டா ஒண்ணும் தெரியாது. யாரு வேணும்னாலும் ஏமாத்திடலாம்" என்றேன். மேசையே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து நண்பர் முகம் வாடி வந்தார்.

"சுங்கை பாக்காப் ஊர்ல பேசின பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்க அண்ணே. காரணம் சொல்லல. எனக்கு அந்தப் பொண்ண ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

தேநீர்க் கடைக்கு வந்த பெரியவர் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையைப் பற்றி வேலையிடத்தில் விசாரிப்பது நம்மவர்கள் வழக்கம்தானே? என் மரமண்டைக்கு அன்று அது உறைக்கவே இல்லை. நான் பேசிப் பார்க்கிறேன் என்று முகவரியை வாங்கிக்கொண்டு, நான் குடியிருக்கும் ஜார்ஜ்டவுனிலிருந்து சனிக்கிழமை காலையே காரை எடுத்தேன்.

கதவைத் திறந்தவர் அதே பெரியவர். தங்கமான பிள்ளை, குடி கிடையாது, வேலையில் கெட்டி, நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை.

"நல்ல பிள்ளைன்னு அன்னிக்கும் உங்களுக்குத் தெரியும்தானே? அப்புறம் ஏன் தம்பி சிரிச்சீங்க?"

பெண்ணுக்கு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார். அதை விழுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

திங்கட்கிழமை நண்பரிடம் முடிவை மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"எனக்காக அவ்ளோ தூரம் போனீங்களே அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து யாரையும் 'பழம்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்லவும் இன்றுவரை வாய் வரவில்லை.