கல் வைக்காத குழி

என் முதல் குழந்தை இப்போது எந்த இடத்தில் இருக்கிறது?

தலைப்பிரசவத்துக்கு பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பிறந்த சில நாட்களில் குழந்தை இறந்தது. தோட்டத்து இடுகாட்டின் ஓரத்தில் புதைத்தார்கள். பச்சைக் குழந்தைக்குக் கல் வைப்பது எங்களில் வழக்கமில்லை.

பிறகு வீடுகள் கட்டுவதற்காகத் தோட்டத்தை விற்றார்கள். எந்தக் குழிகளைத் தோண்டி எலும்புகளை வேறிடம் கொண்டுபோக வேண்டும் என்று இயந்திரக்காரர்களுக்குக் காட்டியவர் பெரியப்பா. என் அப்பாவின் அண்ணன், கோயில் தலைவர். கல் இருந்த குழிகளை மட்டும் காட்டினார். அந்த ஓரத்தில் ஒன்றுமில்லை என்றார். என் குழந்தையின் மேல் மண்ணைத் தள்ளியதே அவர்தான். அவர் குழிகளைக் காட்டும்போது பக்கத்தில் நின்ற அப்பா வாய் திறக்கவில்லை. பிறகு என்னிடம் சொல்லி அழுதார்.

என் கணவருக்கு புக்கிட் பெருந்துங்கில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை. போன மாதம் பயிற்சிக்கு ஜப்பான் போனவர், விடுமுறை நாளில் பார்த்த ஒரு பழைய குடியிருப்பைக் காணொளி எடுத்து அனுப்பினார். எழுத்தே இல்லாத காலத்து ஊர். ஊருக்குள் வரும் பாதையோரம் பெரியவர்களின் குழிகள். குழந்தைகளை மட்டும் மண்பானையில் வைத்து, வீடுகளுக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். இத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே ஒரு குழந்தை என்று தெரிகிறது. பால் குடித்துக்கொண்டிருந்த இரண்டாவது குழந்தையை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, அழுதாள்.

அந்த ஞாயிறு பெரியப்பாவிடம் காட்டினேன்.

“ஜப்பான்காரனுக்கு வேற வேல இல்ல லா,” என்று சிரித்தார்.

“எம் புள்ளைய ஏன் காட்டல பெரியப்பா?”

“கல்லு இல்லாத குழிய எப்படிம்மா காட்டுறது? ஒண்ணக் காட்டுனா ஊரே வந்து கேக்கும். அதான் இப்ப மடியில ஒண்ணு இருக்குல்ல.”

அதே மூச்சில், தோட்டத்துக் கோயிலுக்குப் பதிலாகக் கட்டிய புதுக் கோயில் கும்பாபிஷேகத்தில் தமக்குப் பொன்னாடை போர்த்தும்போது நான்தான் பாராட்டிப் பேச வேண்டும் என்றார். குடும்பத்தில் படித்தவள் நானாம். உடனே சரி என்றேன். ஒலிபெருக்கி என் கையில் இருக்கும். யாரை யாரை அந்த மண்ணில் விட்டுவிட்டு வந்தார் என்று சொல்வேன். பிள்ளையைப் புதைத்த மற்ற தாய்மாரும் கூட்டத்தில் இருப்பார்கள். அவர் முகம் கறுப்பதை நினைத்தால் சோறு கூட ருசிக்கிறது.

ஆனால் கோயில் காரியத்தைக் கெடுத்தால் மகளுக்கு ஏதும் ஆகிவிடுமோ? பேசாமல் நின்ற அப்பாவும் சேர்ந்துதானே தலைகுனிவார்?

இதைப் படிப்பவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருப்பீர்கள். மேடையில் பேசட்டுமா? வேண்டாம் என்றால், அவரை எங்கே வைத்துக் கேட்பது? சொல்லுங்கள்.