பாதி சுத்தமான வாய்

1. பல் தேய்க்கும்போது அம்மாவுக்குக் கீழ் ஈறில் ரத்தம் வந்தது.
2. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் தேய்த்தாள்.
3. தேய்க்காமல் விட்டதால் ரத்தம் அதிகமானது. பிறகு அங்கே வெறுமனே கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.
4. யாரிடம் பேசினாலும் முந்தானையால் வாயை மறைக்கத் தொடங்கினாள். எனக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான்.
5. செஞ்சியிலேயே ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மேல்வரிசையைச் சுத்தம் செய்தார். கீழே ஈறு வீங்கியிருந்ததால் மாத்திரை கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.
6. அடுத்த வாரம் அம்மா போகவில்லை.

கெட்டது ஆறாவதில்தான். மருத்துவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். பல்லில் படிந்த கல் ஈறுக்கு அடியில் இறங்கி எலும்பைக் கரைத்திருக்கிறது, அம்மாவுக்கு ஏற்கனவே இருக்கும் சர்க்கரை வியாதி அதை வேகப்படுத்தியிருக்கிறது. கீழே முன்பற்கள் நான்கும் லேசாக ஆடுகின்றன. கல்லை எடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நிற்கும். விட்டால் விழும். இதில் புரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு மேல்வரிசைதான் கவலை. கல் போன இடங்களில் இடைவெளி தெரிந்தது. தண்ணீர் குடித்தால் கூசியது. நாள் முழுக்க நாக்கால் துழாவிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி இது, சந்து சந்தா இருக்குது? இருந்ததையும் சொரண்டி எடுத்துட்டாங்க."

மேல்மலையனூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, எட்டிப் பார்த்தாள். "அந்தக் கல்லுதான் பல்லப் புடிச்சிக்கினு இருந்துது. அத எடுத்துட்டா எப்படி நிக்கும்?"

"வீங்குன ஈறு வத்திடுச்சி பெரியம்மா. அதான் சந்து தெரியுது. கூச்சம் கொஞ்ச நாள்ல போயிடும்."

"நீ கரண்டு வேலதான பாக்குற? பல்லுக்கு எப்போ படிச்ச?"

அம்மா சிரித்தாள். முந்தானையை எடுக்காமல், வாயைத் திறந்தே சிரித்தாள். மேல்வரிசை சுத்தமானதால் வந்த தைரியம் அது. அதை எடுத்துச் சொன்னேன். இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அமாவாசைக்கு அம்மா ஸ்பெஷல் பஸ் பிடித்துப் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். மேல்மலையனூர் கோயில் கடைத்தெருவில் ஒருவன் மைக்கில் கூவி விற்ற பல்பொடியோடு திரும்பி வந்தாள். ஆடுகிற பல்லை இறுக்குமாம். சில நாள் விரலால் தேய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பாரு, ரத்தமே வர்ல."

பொடியை முகர்ந்து பார்த்தேன். புகையிலை. "மொதநாள் தேய்ச்சப்போ தல சுத்துச்சா?"

"லேசா சுத்துச்சி. கோயில் கூட்டத்துல நின்னதாலன்னு நெனச்சேன்."

திண்டிவனம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. மணி அடித்துத் தொல்லை தருகிறது என்று யாராவது ஒயரைக் கழற்றி வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் அமைதியாக இருக்கும். புகையிலையும் அதைத்தான் செய்கிறது. ஈறில் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, ரத்தம் வராமல் மறைத்துவிடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டேதான் இருக்கும்.

"மணியக் கழட்டி வெச்சிட்டா நெருப்பு அணைஞ்சிடுமாம்மா?"

"நெருப்பு எங்க வந்துது? ரத்தம் நின்னுதா இல்லையா, அத சொல்லு."

நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வுடு பாப்பா. அவளுக்கு நல்லா இருக்குதுன்னா நல்லா இருக்குது." இந்த வீட்டில் எந்த விவாதமும் இப்படித்தான் முடியும்.

அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோது பல் விழுந்தது. கடினமான பண்டம்கூட இல்லை. அம்மா கையை நீட்டினாள். கீழ் முன்பல், வேர்வரை பழுப்பாக அப்பியிருந்த கல்லோடு முழுசாக வந்திருந்தது. அந்தக் கல் எதையும் பிடித்துவைத்திருக்கவில்லை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஏற்கனவே சொல்லியிருந்தேன். அதுதான் ஆத்திரமாக இருந்தது.

"வண்டிய எடு," என்றாள்.

பெரியம்மாவுக்குச் செய்தி போனதும் போன் வந்தது. மேலே சுரண்டிய அதிர்ச்சியில்தான் கீழே விழுந்தது என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "வாய் வலிக்குதுக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

கீழ்வரிசைச் சுத்தம் இந்த வாரம் முடிந்தது. விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லையும் காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மற்ற இரண்டையும் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். நிற்குமா என்று சில மாதம் கழித்துத்தான் தெரியும். சர்க்கரை இன்னும் அதிகமாகத்தான் இருக்கிறது. மென்மையான பிரஷ்ஷால், ரத்தம் வந்தாலும் நிறுத்தாமல், காலையிலும் படுக்கும் முன்பும் அம்மா தேய்க்கிறாள். பொய்ப்பல் வைப்பதைப் பற்றி ஈறு ஆறிய பிறகுதான் பேச முடியும்.