கூப்பேயின் புது ஹெட்லாம்ப்

1. முகம் மட்டும்

ஒரு கார் மாடல் சந்தைக்கு வந்து சில ஆண்டுகளானதும் அதன் முகத்தை மட்டும் மாற்றிப் புதிதுபோல் விற்பார்கள். தொழிலில் இதற்கு ஃபேஸ்லிஃப்ட் என்று பெயர். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் டிசைன் லீடாக இருந்தபோது, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சின்ன ஸ்போர்ட்ஸ் கூப்பேக்கு ஃபேஸ்லிஃப்ட் செய்யும் வேலை எங்களிடம் வந்தது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை. தலைமுறை தாண்டியும் ரசிகர்கள் உள்ள வண்டி. இந்தியாவில் விற்பனைக்கு இல்லாததால் எங்களில் யாரும் அதை நேரில் பார்த்ததில்லை.

முதல் நாளே மேனேஜர் ரவீந்திரன் சொல்லிவிட்டார்: "பானெட், ஃபெண்டர், கதவு எதையும் தொடாதீங்க. தகடு அடிக்கிற டை மாத்துனா செலவு தாங்காது. பம்பர், கிரில், லாம்ப், அவ்ளோதான்."

புது ஹெட்லாம்ப் பழையதைவிட ஒல்லி. ஆனால் பின்பக்கம் நீளம். அதை வரைந்தவர் ஸ்டெல்லா. விவேக் நகர்க்காரர், அதிகம் பேசமாட்டார். டிசைன் ஃப்ரீஸ் ஆகவிருந்த வாரம், அதாவது இனி எதையும் மாற்ற முடியாது என்று ஆவதற்குச் சற்று முன், என் இடத்துக்கு வந்தார்.

"சார், இண்டிகேட்டர் பல்பு மாத்த கை போகாது. கண்ணாடி கழுவுற தண்ணிக்கான வாஷர் டேங்க் இடிக்குது. பம்பரையே கழட்டணும்."

இருவரும் ரவீந்திரனிடம் போனோம்.

"கை போகணும்னு கிளையண்ட் குடுத்த ஸ்பெக்ல இருக்கா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்புறம் சும்னே, சும்மா ஏன் கிளறுற? பிட்பிடும்மா, விட்டுடு. இப்பப் போய்ச் சொன்னா ஃப்ரீஸ் தள்ளிப்போகும். அடுத்த ப்ராஜெக்ட் வேற கம்பெனிக்குப் போயிடும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த அடுத்த ப்ராஜெக்டை நம்பித்தான் பாதி டீம் இருந்தது.

2. ரிவ்யூ

கிளையண்டின் சீஃப் இன்ஜினியர் நேரில் வந்தார். நல்ல உயரம், அதற்கேற்ற கைகள். ஸ்கிரீனில் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். மீட்டிங் முடியும் சமயத்தில் ஸ்டெல்லா ஒரு பலகையை மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். 3டி பிரிண்ட் எடுத்த லாம்ப் ஹவுசிங்கும் டேங்கும் அதில் பொருத்தியிருந்தன. என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

பல்பைக் கழற்றிப் பாருங்கள் என்று வந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் கையை விட்டார். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. வாட்சைக் கழற்றிவிட்டு மறுபடி முயன்றார். ரவீந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டேங்கை மாற்றுங்கள்" என்றார் சீஃப் இன்ஜினியர், சிரிக்காமல்.

ஃப்ரீஸ் தள்ளிப்போனது. டேங்கின் வடிவத்தை மாற்றுவதில் எங்கள் சனி, ஞாயிறுகள் போயின. அடுத்த ப்ராஜெக்ட் எங்களுக்கு வரவில்லை. இதுதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவைக் கிளையண்ட் மீட்டிங்குக்கு அழைப்பதை ரவீந்திரன் நிறுத்திவிட்டார்.

"வருத்தமா இருக்காம்மா?" என்று கேன்டீனில் கேட்டேன்.

"இருக்கு சார். ஆனா எங்க வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுறார். மழையில ரோட்டோரம் நின்னு பல்பு மாத்துறவங்க, வண்டியை வரைஞ்சவங்கள எப்படித் திட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தத் திட்டு எனக்கு வேணாம்."

இப்போது இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஸ்பெக்கில் எழுதாத வேலையையும் ஒருநாள் யாரோ ஒருவர் செய்தாக வேண்டும். அவர் யார், எங்கே நின்று செய்வார் என்று வரையும்போதே கேட்டுவிடுங்கள். கேட்டால் எல்லோருக்கும் பிடிக்காது. ஸ்டெல்லா கேட்டார். அந்த வண்டியில் கை நுழைகிறது.