அரைச் சுற்று

என் தாய்மாமாவுக்குத் தெரிந்த வேலை மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுவது. தெரியாத வேலையையும் தெரியும் என்று ஒப்புக்கொள்வது அவருடைய கூடுதல் திறமை. அப்படித்தான் ஒரு பெரியவரின் பாய்மரப் படகும் அவர் கைக்கு வந்தது. ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய படகை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கழிமுகத்தில் மணலோரமாக நிறுத்தியிருந்தார். அதிலேயே தனியாக அந்தமானுக்கு, மகள் வீட்டுக்குப் போகப்போகிறாராம்.

"பாய் கீது, டீசல் இன்னாத்துக்கு சார்?" என்று மாமா கேட்டார்.

"நடுக்கடல்ல காத்து நின்னுட்டா பாய் வெறும் துணிதான்பா. இருக்கிற டேங்க் ரெண்டு நாளைக்கே வராது."

கேபினில் கட்டிலுக்கு அடியில் மெல்லிய தகட்டில் இரண்டாவது டேங்க்கை மாமா பொருத்தினார். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக, அதற்குத் தனியாக ஒரு குழாய் வைக்க வேண்டும்; காற்று போகாவிட்டால் டீசல் இன்ஜினுக்கு வராது. எங்கள் ஊர்ப் படகுகளில் அந்த வழக்கம் கிடையாது. கேன் மூடியைத் தளர்த்திவிட்டு இன்ஜினை ஓட்டுவார்கள். மாமாவும் அதையே செய்தார்.

"மூடிய அரை சுத்து லூஸா வுட்டுகீறேன் சார். அத்த மட்டும் கை வெக்காதீங்க."

பெரியவர் தலையாட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறை என்பதால் அம்மா வேலைக்குப் போகும்போது என்னை மாமாவிடம் தள்ளிவிட்டுப் போவாள். பெரியவர் தன் பேத்திக்கு வாங்கிய கவுனை என் தோளில் வைத்து அளவு பார்ப்பார், பிஸ்கட் தருவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் மதியம் இருவரும் டீசல் வாங்கப் போயிருந்தார்கள். நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன். முதுகுக்குக் கீழே 'டொம்' என்று ஒரு தட்டு. எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி 'டொம்'. பிறகு யாரோ நெடுநேரம் அடக்கிய மூச்சை விடுவதுபோல் ஒரு 'உஸ்ஸ்'. பலகையைத் தூக்கி மூடியருகே கையை வைத்தேன். மேகத்தில் வெயில் மறைந்த நேரத்தில் அந்த மூச்சு திரும்பி, என் உள்ளங்கையை மெல்ல உள்ளே இழுத்தது. நான் மணலுக்குத் தாவிய வேகத்தில் முட்டித் தோல் பெயர்ந்துவிட்டது.

"மாமா, உள்ள யாரோ கீறாங்க."

"வெயிலுக்குத் தகரம் கத்துது. சும்மா பேஜாரு பண்ணாத."

பெரியவர் சிரித்தார். ஆனால் அவர் இரவெல்லாம் அதன் மேல்தான் தனியாகத் தூங்க வேண்டும்.

கிளம்பும் நாளன்று காலையில் எல்லாரும் படகின் முன்பக்கம் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கேபினுக்குள் போனேன். மாமாவின் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, மூடியை நகராத அளவுக்கு இறுக்கினேன். உள்ளிருந்து சத்தமே வரவில்லை. வெளியே வந்து எல்லாரோடும் சேர்ந்து கையசைத்தேன்.

எட்டாம் நாள் விசைப்படகுக்காரர்கள் அந்தப் படகை இழுத்துவந்தார்கள். நாலைந்து நாளாகக் கடலில் காற்றே இல்லை என்றார்கள். பாய் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் இல்லை, கரைக்குப் போக உதவும் சின்ன ரப்பர் படகும் இல்லை. உதவி தேடி அதில் போயிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் கிடைக்கவேயில்லை.

மாமா கட்டில் பலகையைத் தூக்கினார். பழைய டேங்க் காலி. புதிய டேங்க்கில் டீசல் முக்காலுக்கும் மேல் அப்படியே இருந்தது. அதன் நான்கு பக்கமும் உள்வாங்கி நசுங்கியிருந்தன. இன்ஜின் நின்றதும் பெரியவர் எதையெல்லாமோ கழற்றிப் பார்த்திருக்கிறார்; கருவிகள் தரையெங்கும் கிடந்தன. மூடி தளர்வாக இருப்பதாகச் சொல்லியிருந்ததால், அதை மட்டும் அவர் தொடவில்லை.

"யார்யா இத்த இப்டி இறுக்கினது?" என்று மாமா கத்தினார். பெரியவரே மறந்துபோய்ச் செய்திருப்பார் என்று யாரோ சொன்னார்கள். மாமா ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். டேங்க் நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. தகடு 'டொம்' என்று நிமிர்ந்தது. மாமா அங்கேயே உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டு அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை. எட்டு நாளாக நான் அடைத்து வைத்திருந்ததை இப்படித் திறந்து விட்டுவிட்டாரே என்று மாமாமேல்தான் கோபம் கோபமாக வந்தது.